கழிப்பதும் காப்பதும்

பொன்முடி மலையடிவாரத்தில் ஓடும் கல்லாற்றின் உருண்டைக் கற்களைக் கண்டு வியவாதார் இலர். மழைவெள்ளம் மணலையும் சருகையும் அடித்துச் செல்கிறது. கனத்த கற்கள் படுகையில் தங்குகின்றன. ஆற்றுக்குக் கழிக்கவும் தெரியும், காக்கவும் தெரியும். வீட்டுக்கோ அவ்வியல்பு இல்லை. பரண் ஏறிய பொருள் பரணிலேயே கிடக்கும். அதனைப் பிரித்தெடுக்கும் கடன் குடியிருப்போராகிய நம்முடையதே.

பெற்றோர் பிழைப்பு நாடி நெல்லைச் சீமையினின்று இங்கு வந்தபோது கொண்டுவந்தவை ஒரு மரப்பெட்டியும் சில பித்தளைப் பாத்திரங்களுமே. அரை நூற்றாண்டில் ஓர் அறையே நிறைந்துவிட்டது. கம்பி ஒடிந்த குடை, ஓடாத மிக்சி, பழைய நாளிதழ்க் கட்டுகள். அவற்றினிடையே நிலப்பத்திரமும், ஊரிலிருந்து பாட்டியார் எழுதிய இன்லண்டுக் கடிதங்களும். இங்குப் பெய்யும் மழையோ காகிதத்துக்குப் பகை. பூசணம் விட்டதைக் கறையான் தின்னும்.

இதற்கு வழியை அலுவலகமே நமக்குக் கற்பித்தது. நடுவணரசு அலுவலகங்களில் 2021 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 2 தொடங்கி 31 வரை சிறப்பு இயக்கம் நடத்திப் பழைய கோப்புகளைக் கழிக்கின்றனர். எனினும், எழுத்தர் எவரும் தம் விருப்பம்போல் ஒரு தாளையும் கிழித்துவிட இயலாது. எக்கோப்பு எத்தனை ஆண்டு இருக்கவேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. 1892ஆம் ஆண்டுக்கு முற்பட்ட ஆவணத்தை, பயன்படாதவாறு சிதைந்திருந்தாலன்றி, அழித்தலாகாது என்கிறது 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம்.

அம்முறையை வீட்டிலும் கைக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கு ஓர் அலமாரித் தட்டு, அவ்வளவே. முழு வீட்டையும் ஒரே நாளில் கவிழ்ப்பவர், மாலையில் சலித்து யாவற்றையும் மீண்டும் திணிப்பர். தட்டைக் காலி செய்து, என்றும் காக்கவேண்டியவை, காலம் குறித்து வைக்கவேண்டியவை, இன்றே விடைகொடுக்கவேண்டியவை என மூன்றாகப் பிரித்தோம். மின்கட்டணச் சீட்டு முதலியவற்றின் உறைமீது 'இன்ன ஆண்டு வரை' என்று எழுதினோம். ஒருவர் பொருளை மற்றவர் கழிக்கலாகாது என்றும் விதி செய்துகொண்டோம். எஞ்சியவற்றை அடுக்குவதற்கு அஞ்சறைப்பெட்டியே இலக்கணம். விளக்கணைந்த வேளையிலும் கை தவறாமல் கடுகை எடுப்பது, அதற்கென ஓரிடம் இருப்பதாலன்றோ? எழுதும் மேசையிலும் அவ்வாறே: நடப்பிலுள்ள தாள் மட்டும் மேலே, முடிந்தது அன்று மாலையே உள்ளே.

ஆயினும் கழிப்பதில் விரைவு கூடாது. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே.சாமிநாதையர், பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட செய்தியையும், கரிவலம்வந்தநல்லூரில் தீயிலிட்ட செய்தியையும் கேட்டு நொந்து எழுதியுள்ளார். அவ்வாறு செய்தவர் தீயோர் அல்லர். அவற்றின் அருமை அறியாதவர். இன்று நம் இல்லங்களிலும் அந்நிலை நெருங்கிவிட்டது. நம் மக்கள் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பாட்டியார் கடிதம் அவர்க்கு வெறுங்கோடு. நாம் இன்று பிரித்து வைக்காவிடின், நாளை அவர்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடைக்குப் போடுவர். அவர்கள்மேல் குறை கூறவும் இயலாது.

ஆகவே நாற்பத்திரண்டு கடிதங்களையும் ஆண்டுவாரியாக அடுக்கி, வசம்பிட்டுத் தகரப் பெட்டியில் வைத்தோம். எழுதியவர் யார், எந்த ஆண்டு என்பதை உறைமீது தமிழிலும் மலையாளத்திலும் குறித்தோம். மகள் ஒன்றை எடுத்து, "இதில் என்னப்பா இருக்கிறது?" என்றாள். தந்தையார் பயணச் செலவுக்காக விற்ற பசுவின் கன்று, இன்னும் அந்தியில் தொழுவத்து வாசலில் வந்து நிற்கிறது என்று பாட்டியார் எழுதியிருந்தார். படித்துக் காட்டியதும் அவள் நெடுநேரம் பேசவில்லை. அதன்பின், வாரம் ஒரு கடிதம் இரவு உணவுக்குப் பின் படிப்பதென்று ஆயிற்று. இதுவரை பன்னிரண்டு முடிந்தன. பதின்மூன்றாவதை அவளே எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறாள்.