அத்தையின் தாகம்

அத்தைக்கு அப்போது 84 வயது. பூதப்பாண்டியில் யார் யாருக்குக் கொழுந்தியாள் என்பதை மூன்று தலைமுறைக்குப் பிசகாமல் சொல்லக்கூடியவள். ஒருநாள் நடுநிசியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "எலே மக்கா, அண்ணன்கிட்டே சொல்லி மடையை அடைக்கச் சொல்லு. வயலெல்லாம் முங்குது" என்றாள். அண்ணன் என்றது என் அப்பாவை. அவர் காலமாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் என்னையே யாரென்று கேட்டாள்.

வயசானால் புத்தி பிசகத்தான் செய்யும் என்றான் தம்பி. முப்பந்தல் இசக்கிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள் பக்கத்து வீட்டு ஆச்சி. நான் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் இளைஞர். "எத்தனை நாளாக இப்படி?" என்றார். இரண்டு நாள் என்றேன். "மறதி நோய் இரண்டு நாளில் வந்துவிடாது. திடீரென்று புத்தி தடுமாறினால் உடம்பில் வேறெங்கோ கோளாறு என்று பொருள்." அடிவயிற்றை அமுக்கியதும் அத்தை முகம் சுளித்தாள். லேசான காய்ச்சலும் இருந்தது. சோதித்ததில் சிறுநீர்ப் பாதையில் கிருமி.

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை. மாதவிலக்கு நின்றபின் அதன் உள்தோல் மெலிந்துவிடுகிறது. வயோதிகத்தில் பையும் முழுக்கக் காலியாவதில்லை. கிருமிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பார்கள்?" என்று கேட்டார் டாக்டர். வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

மருந்து கொடுத்து, ஐந்தாம் நாள் தெளிந்ததும் அத்தையே சொன்னாள். சாயங்காலக் காப்பியோடு சரி. அப்புறம் விடியும்வரை ஒரு சொட்டு இல்லை. கக்கூஸ் புறவாசலில். இரண்டு படி இறங்க வேண்டும். கைபிடிக்க யாரையாவது எழுப்பியாக வேண்டும்.

"நீ பகலெல்லாம் ஓடுத பய. ஒன்னை எழுப்பாண்டாம்னுதான், மக்கா."

முன்பு ஓர் இரவு மூன்றாம் முறை அவள் கூப்பிட்டபோது, "மறுபடியுமா?" என்று நான் கேட்டது நினைவுக்கு வந்தது.

சில மாதம் கழித்துச் சிறுநீரில் வாடை அடித்தது. வேறு தொந்தரவு ஒன்றுமில்லை. ஆனாலும் பயந்து, அலமாரியில் மீந்திருந்த மாத்திரையை எடுத்துவிட்டேன். டாக்டர் போனிலேயே தடுத்தார். முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் 100-க்கு 25 முதல் 50 பேருக்கு, எந்த உபத்திரவமும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்குமாம். அதை மருந்தால் துரத்துவதில் லாபமில்லை. கிருமிக்கு மருந்து பழகிப்போவதுதான் மிச்சம். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் புத்தி மட்டும் தடுமாறினால்கூட, கிருமியின்மேல் பழிபோட்டு அவசரப்படாமல் வேறு காரணங்களைத் தேட வேண்டும் என்பது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கம் 2019-ல் வகுத்த நெறி. தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், தின்னும் மற்ற மாத்திரைகள் எல்லாம் இந்தக் காரணங்களில் சேர்த்தி.

மாத்திரையைத் திரும்ப வைத்துவிட்டுச் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

இப்போது நான் அத்தையின் அறையிலேயே படுக்கிறேன். "எலே மக்கா" என்றால் எழுந்து, படியிறக்கி அழைத்துப்போய்க் கூட்டிவந்து, ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டுகிறேன். என் முகத்தைச் சற்றுச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் அவள் குடிக்கிறாள்.