கூப்பிடு தூரம்

அன்று ஆங்கிலப் பாடவேளை. "'இயர்ஷாட்' என்றால் என்ன?" என்று சிஸ்டர் கேட்டார்கள். "காதருகே துப்பாக்கி சுடுவது, சிஸ்டர்!" என்று இரட்டையரான நாங்கள் இருவரும் ஒரே குரலில் பதில் சொன்னோம். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

சிஸ்டரும் சிரித்துவிட்டு விளக்கினார்கள். வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு எவ்வளவு தூரம் செல்லுமோ, அதை ஆங்கிலத்தில் 'போஷாட்' என்பார்கள். அதைப் போலவே அமைந்த சொல்தான் 'இயர்ஷாட்', அதாவது காதுக்கு எட்டும் தொலைவு. 'விதின் இயர்ஷாட்' என்றால் பேசுவது கேட்கும் இடத்தில் இருப்பது. 'அவுட் ஆஃப் இயர்ஷாட்' என்றால் கேட்காத இடத்துக்குப் போய்விடுவது. "ஆசிரியை காது கேட்கும் தூரத்தைக் கடந்த பிறகே அந்த இருவரும் பேசத் தொடங்கினர்" என்று எடுத்துக்காட்டும் தந்தார்கள். யாரைச் சொன்னார்கள் என்று கேட்கவும் வேண்டுமா?

இதற்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடித்து வருவது வீட்டுப்பாடம். பூவம் வந்து சேர்ந்ததும் அப்பாயியிடம் கேட்டோம். "இதுக்கு என்னடி யோசனை? கூப்பிடு தூரம்!" என்றார்கள். அந்தக் காலத்தில் 'கூப்பிடு' என்பதே ஓர் அளவாம். நான்கு கூப்பிடு சேர்ந்தால் ஒரு காதம். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததல்லவா? எங்கள் தெருவில் பிரெஞ்சு படித்த தாத்தா ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சிலும் 'குரல் எட்டும் தூரம்' என்றுதான் சொல்வார்கள் என்றார் அவர்.

ஆங்கிலம் காதிலிருந்து அளக்கிறது. தமிழும் பிரெஞ்சும் வாயிலிருந்து அளக்கின்றன. எது சரி? சோதித்துப் பார்க்கக் கடற்கரைக்குப் போனோம். காற்று வீசிய பக்கம் நின்றால் குரல் தெளிவாகக் கேட்டது. எதிர்க்காற்றில் கூப்பிட்டாலோ சிறிது தூரத்திலேயே அலையோசைதான் மிஞ்சியது. எதிர்க்காற்றில் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கேட்பவரின் தலைக்கு மேலே போய்விடுமாம். அறிவியல் ஆசிரியை சொன்னார்கள். எல்லாம் கற்றுவிட்டோம் என்று எண்ணினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை. தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்திலிருந்து அப்பாயியின் குரல் கேட்டது. "நீ போ" என்றாள் ஒருத்தி. "நீதான் போயேன்" என்றாள் மற்றவள். இருவருமே போகவில்லை. கடைக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்து பார்த்தபோது, துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்த அப்பாயி, எழ முடியாமல் கிடந்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

அம்மா எங்களைத் திட்ட வாயெடுத்தார்கள். "புள்ளைங்க காதுல வுழுந்திருக்காது, விடு" என்றார்கள் அப்பாயி. அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அம்மாவின் திட்டுகூட அப்படிச் சுட்டிருக்காது. இரவில் அருகே உட்கார்ந்து உண்மையைச் சொல்லி அழுதோம். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி அவர்கள் சொன்னார்கள்: "ரெண்டு பேரு இருக்கீங்களேன்னுதாண்டி மெதுவாக் கூப்பிட்டேன்."

சிஸ்டரிடமும் சொன்னோம். கடிந்துகொள்ளாமல் தொடக்கநூலின் 21ஆம் அதிகாரத்தை நினைவூட்டினார்கள். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்துபோக, பிள்ளை சாவதைக் காணப் பொறுக்காமல் ஆகார் ஓர் அம்பு பாயும் தூரம் விலகிப் போய் உட்கார்ந்தாள். கடவுளோ பிள்ளையின் குரலைக் கேட்டார். அந்தப் பிள்ளையின் பெயர் இஸ்மயேல். அதற்குப் பொருளே 'கடவுள் கேட்கிறார்' என்பதுதான்.

தோழியரே, வாயிலிருந்து அளந்தாலும் காதிலிருந்து அளந்தாலும், எழுந்து போகாதவளுக்குப் பத்தடியும் ஒரு காதம்தான். இப்போது அப்பாயி கூப்பிட்டால் நாங்கள் இருவரும் எழுந்து ஓடுகிறோம். "ஒருத்தி வந்தாப் போதாதாடி?" என்று சிரிக்கிறார்கள். போதாது அப்பாயி!