கீழே இறக்கிய பியானோ

தோழன் இறந்துபோன பிறகும் அவனுக்கும் தனக்குமாகச் சேர்த்தே ஹாஸ்ய வசனம் எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆலிவர் ஹார்டி 1957 ஆகஸ்டில் காலமானார். ஸ்டான் லாரல் 1965 பிப்ரவரி வரை இருந்தார். இடைப்பட்ட ஏழரை ஆண்டுகளில், நடிக்க வந்த அழைப்புகளையெல்லாம் மறுத்துவிட்டு, ஸாண்டா மோனிகாவில் ஒரு சிறு குடியிருப்பில் உட்கார்ந்தபடி, இனி எந்த மேடையிலும் ஏற இயலாத காட்சிகளை, தமக்கு ஒரு வரி, ஹார்டிக்கு ஒரு வரி என்று அவர் எழுதிவந்தார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்பதா, பக்தி என்பதா?

ஜான் எஸ். பேர்ட் இயக்கி 2018இல் வெளிவந்த ‘ஸ்டான் அண்ட் ஆலி’ என்ற படம் இந்தச் செய்தியைக் கடைசியில் இரண்டு வரி எழுத்தாகக் காட்டிவிட்டு முடிந்துபோகிறது. வயோதிக நடிகர்களைப் பற்றிய படம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். முதல் காட்சியில் ஓர் இருமல், கடைசிக் காட்சியில் ஒரு மரணம், நடுவே வயலின் என்கிற சம்பிரதாயத்தை மீறத் துணிந்தவர்கள் சொற்பம். இந்தப் படமும் வயலினை முழுக்க ஒதுக்கிவிடவில்லை. ஆனாலும், ஸ்டீவ் கூகன் லாரலாகவும் ஜான் சி. ரைலி ஹார்டியாகவும் வந்து, ரயில் நிலையத்தில் இரண்டு கதவுகளை வைத்துக்கொண்டு, ஒருவர் உள்ளே நுழையும் க்ஷணத்தில் மற்றவர் வெளியே போய், பக்கத்திலேயே இருந்தும் ஒருவரையொருவர் காணாமல் தேடிக்கொண்டே இருக்கிற அந்த மேடைக் காட்சியைப் பார்த்தபோது, என் முன்ஜாக்கிரதைகளெல்லாம் போன இடம் தெரியவில்லை.

குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை. படத்தில் வயதான இருவரும் மேற்கொள்ளும் மேடைச் சுற்றுப்பயணம் அயர்லாந்தில் போய் மங்களமாக முடிகிறது. நெஞ்சுவலி கண்ட ஹார்டி எழுந்து வந்து மறுபடி ஆடுகிறார். வாஸ்தவத்தில் 1953 செப்டம்பரில் அந்தப் பயணம் தொடங்கியதே அயர்லாந்தில்தான். கோவ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது, அங்குள்ள தேவாலயத்து மணிகள் தங்கள் படங்களின் அறிமுக இசையையே ஒலித்தன என்றும், அதைக் கேட்டு இருவரும் அழுதுவிட்டதாகவும் லாரல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். முடிவோ 1954 மே மாதம், பிளிமத் நகரில். அங்கே ஒரு நாள் மேடையேறியதோடு ஹார்டிக்கு உடம்பு கெட்டது. மிச்ச நிகழ்ச்சிகள் ரத்தாயின. அதற்குப் பிறகு அவர்களுக்கு மேடையே இல்லை. வாழ்க்கை முதலில் வைத்த மணியோசையைக் கடைசிக்கு நகர்த்திவைக்கும் அதிகாரம் கதாசிரியர்களுக்கு உண்டு. பிளிமத்தை விட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊரில் ஒரு தடியரும் ஓர் ஒல்லியரும் சேர்ந்து தெருவில் நடந்தால் போதும், லாரல்-ஹார்டி என்று பெயர் விழுந்துவிடும். அவர்கள் பிரிக்க முடியாத சிநேகிதர்களாகவே இருப்பார்கள் என்றும் நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். அசல் ஜோடியின் கதை அப்படியல்ல. ஹால் ரோச்சின் ஸ்டூடியோவில் பேரும் புகழுமாக இருந்த காலத்தில், படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுவார். லாரலோ படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து, எந்தச் சிரிப்பு எத்தனை நேரம் நீடிக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த உழைப்புக்காக அவருக்குச் சம்பளம் இரட்டிப்பு; ஹார்டி அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இருவருடைய ஒப்பந்தங்களும் வெவ்வேறு தேதிகளில் முடியும்படி அமைந்திருந்ததால், லாரல் வெளியேறிய பிறகும் கட்டுப்பட்டுக் கிடந்த ஹார்டி, 1939இல் வேறொருவரோடு ‘ஜெனோபியா’ என்ற யானைப் படத்தில் நடிக்க நேர்ந்தது. அந்த யானையை ‘ஸ்டான் அண்ட் ஆலி’யின் திரைக்கதை மறக்கவில்லை. வயதான காலத்தில் ஒரு நாள் சண்டை மூண்டு, லாரல் நேசித்ததெல்லாம் இந்த ஜோடியைத்தானே தவிரத் தம்மை அல்ல என்கிற அர்த்தத்தில் ஹார்டி பேசும்போது, பார்க்கிற நமக்கே வலிக்கிறது. தொழில் செழித்திருந்த வரையில் அவர்கள் கூட்டாளிகள். மார்க்கெட் போய், ஊர் ஊராக அலைந்து, ஹோட்டல் அறைகளில் தங்க நேர்ந்த பிறகே சிநேகிதர்கள்.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது 1932இல் அவர்கள் நடித்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ என்ற குறும்படம். ஹாஸ்யக் குறும்படத்துக்கு என்று முதல் ஆஸ்கார் விருது பெற்ற படம் அது. லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கிற, 133 படிகள் கொண்ட ஒரு நெடும் படிக்கட்டு; அதன் உச்சியில் இருக்கும் வீட்டுக்கு ஒரு பியானோவை ஏற்றவேண்டும். அது சறுக்குகிறது, ஹார்டியை இழுத்துக்கொண்டே இறங்குகிறது, மறுபடி ஏற்றுகிறார்கள், மறுபடி இறங்குகிறது. ஒருவழியாக உச்சிக்குக் கொண்டுவந்துவிட்ட பிறகு, ஒரு தபால்காரர் வந்து, இத்தனை சிரமம் எதற்கு, சுற்றிக்கொண்டு வர வண்டிப்பாதை இருக்கிறதே என்கிறார். இதை முன்னமே யோசிக்காமல் போனோமே என்று வருந்திய இருவரும், பியானோவைத் தூக்கி, அத்தனை படியும் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாக மறுபடி மேலே கொண்டுவருகிறார்கள்!

ஆயுள் முழுவதும் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, படம் முழுக்கக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பவர், இந்த இடத்தில் மட்டும் சிரிக்கமாட்டார். “இதுல என்னடா சிரிப்பு? எங்க ஆபீஸ்ல தினம் நடக்கறதுதானே?” என்பார். மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்ட மனுவை, உரிய வழியாக வரவில்லை என்று சொல்லிக் கீழே திருப்பி அனுப்பி, அதே மேஜைக்கே மறுபடி வரவழைத்த அனுபவம் அவருக்கு ஏராளம். “ஆனா ஒண்ணு,” என்று பிறகு சொல்வார், “இவங்க ரெண்டு பேரும் சலிச்சுக்காம பண்றாங்க பாரு. நாங்க சலிச்சுக்கிட்டேதான் பண்ணினோம்.”

பெரியப்பா போகிறபோக்கில் சொன்னதை லாரல்-ஹார்டியின் ஹாஸ்யத்துக்கே வியாக்கியானமாக நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிரயோஜனம் இருக்கிறதா என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதே இல்லை. வேலை என்று வந்துவிட்டால் முறைப்படி செய்து முடிக்கவேண்டும், அவ்வளவுதான். மறுமொழி சொல்ல ஆளில்லாத வசனத்தை ஏழரை ஆண்டுகள் எழுதிய கிழவரும் அந்தப் படிக்கட்டில் இறங்கியவர்தாம். பைத்தியக்காரத்தனமா, பக்தியா என்று கேட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததனால்தான் அவர் மகா கலைஞர் என்பது என் அபிப்பிராயம்.

‘ஸ்டான் அண்ட் ஆலி’யைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் அரைமணி நேரம் ஒதுக்கி ‘தி மியூசிக் பாக்ஸ்’ பார்த்துவிடுங்கள். சிரித்து முடித்தவர்களுக்கே அந்தக் கிழவர்களைப் பார்த்துக் கண்கலங்க உரிமை உண்டு.