வாயு மாத்திரை

புதுச்சேரி சாரத்தில் எனக்கு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா, எண்பதைத் தாண்டியவர். போன மழைக்காலத்தில் ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்: “தம்பி, ராத்திரி படுத்தா நெஞ்சுல யாரோ உலக்கை போடுற மாதிரி இருக்கு. உனக்கு ஏதாச்சும் கேக்குதா?”

“இல்லையே ஐயா. காமராஜர் சாலையில லாரி போறதா இருக்கும்.”

அந்த உலக்கை என் சப்-ஊஃபர், அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி.

தெரிந்தே சொன்ன பொய் அது. போதாததற்கு, பொய்க்குத் துணையாக ஒரு எண்ணையும் கையில் வைத்திருந்தேன். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஒருநாள் பாட்டை ஓடவிட்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்து செல்போன் ஆப்பில் பார்த்தேன். 41. சட்டம் என் பக்கம் என்று மாடியேறினேன். ஆனால் விதியில் வரும் டெசிபல் ‘ஏ’ வகை அளவு. காதுக்கு மந்தமாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளை அது குறைத்தே கணக்கிடும். 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். செல்போன் மைக்கும் அந்த இடத்தில் அரைச் செவிடு. எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

அடுத்த வாரம் ஐயாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இ.சி.ஜி. எடுத்தார்கள். மேலே பால்கனியில் நின்று பார்த்தேன். அன்றிரவும் படம் பார்த்தேன், வால்யூமை இரண்டு புள்ளி குறைத்து. அதைத் தியாகம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பிறகு பரிகாரம் தேடினேன், எனக்கு நோகாத பரிகாரமாக. சுவரெல்லாம் இரண்டங்குல ஸ்பாஞ்ச் ஒட்டினேன். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். இரண்டங்குலம் அதற்கு எம்மாத்திரம்? பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தேன். பெட்டியின் அதிர்வு நேராகத் தரையில் இறங்குவது கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் அறைக்குள் இருக்கும் காற்றே தளத்தை உலுக்கும்போது ரப்பர் என்ன செய்யும்? கான்கிரீட் தளம் பாடகியின் குரலையும் வயலினையும் என்னிடமே நிறுத்திவிட்டு, தாளத்தை மட்டும் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. அவருக்குப் போய்ச் சேர்ந்தது பாட்டே இல்லை, வெறும் இடி. இதற்கெல்லாம் செலவு நாலாயிரம் ரூபாய்.

பலித்தது காசில்லாத வேலைதான். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடித்தொனியை ஊதிப் பெருக்கும். அதனால் பெட்டியை வெளியே இழுத்தேன். அதன் வால்யூம் திருகைப் பாதிக்குக் குறைத்தேன். பத்து மணிக்கு மேல் சப்-ஊஃபர் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. செய்ய எனக்கு நாலு மாதம் ஆனது.

போன வாரம் ஐயா மறுபடி படிக்கட்டில் நிறுத்தினார். முகத்தில் தெளிச்சி. “நெஞ்சுல ஒண்ணுமில்லையாம், வாயுவாம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாள் ஆச்சு, அப்புறம் கேட்டுச்சு பாரு, இப்ப நல்லாத் தூங்குறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “நல்லதுங்க ஐயா” என்றேன்.

“ராத்திரி கண்முழிச்சுப் படம் பாக்குற, உனக்கும் வாயு இருக்கும்” என்று மறுநாள் எனக்கும் ஒரு அட்டை வாங்கிவந்து கொடுத்தார். பிரிக்காமல் ஆம்ப்ளிஃபயர் மேலேயே கிடக்கிறது.