நாலாயிரம் ரூபாய் கேமும் அம்மா அடுக்கிய இட்லித் தட்டும்

வன்னியம்பட்டியில் அவனுக்கு 'கேம் வாத்தியார்' என்று பெயர். வயது 26. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நண்பர்கள் மூன்று பேர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"புதுசா வந்திருக்கே, வாங்கலாமா?"

கேட்பதற்கு விளையாட்டுப் பேச்சுபோல இருக்கும். ஆனால், அதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. அவர்கள் விளையாடுவது 'நின்டெண்டோ ஸ்விட்ச்' என்ற கையடக்கக் கருவியில். 2017 மார்ச்சில் இது வெளியானபோது இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பவர்களிடம்தான் வாங்க வேண்டும். தபால் தலை சைஸில் இருக்கும் ஒரு கேம் கார்டு நாலாயிரம் ரூபாய். ஆளுக்கு ஆயிரம் போட்டு ஒன்று வாங்கி, வாரத்துக்கு ஒருவர் என்று சுற்றில் விடுவார்கள். தப்பான கேமை வாங்கிவிட்டால் நான்கு வீட்டிலும் திட்டு விழும்.

அதனால்தான் அவன் ஒரு நோட்டு போட்டிருந்தான்.

புதிதாக இந்தக் கருவிக்காகவே செய்த கேம் என்றால் கவலை குறைவு. சிக்கல் 'போர்ட்'டில்தான். பெரிய கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் செய்த கேமை, சின்னக் கருவியில் ஓடும்படி மாற்றித் தருவதைத்தான் போர்ட் என்கிறார்கள். சொந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறை வாடகை வீட்டுக்குக் குடிபோவது மாதிரி. எல்லாச் சாமானையும் கொண்டுபோக முடியாது. எதை விடுகிறோம், எதைக் கையோடு எடுத்துப் போகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம்.

நல்ல குடிமாற்றத்துக்கு அவன் எப்போதும் சொல்லும் உதாரணம் 'தி விட்சர் 3'. 2015-ல் வந்த பிரம்மாண்டமான கேம். 2019 அக்டோபரில் அதை 32 ஜிபி கார்டு ஒன்றில் அடக்கி ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். மரங்களின் இலை அடர்த்தி குறைந்தது, தூரத்துக் காட்சிகள் மங்கின. ஆனால், கதை முழுசாக இருந்தது. 'டூம்' கேமும் அப்படித்தான். பெரிய கருவிகளில் விநாடிக்கு 60 படங்களாக ஓடியது, இதில் 30 ஆனது. வேகம் பாதியானாலும் விறுவிறுப்பு கெடவில்லை.

அவன் நோட்டில் மூன்று சோதனைகள் இருந்தன. திரையில் கூட்டம் அதிகமாகும் இடத்தில் படம் திக்குகிறதா? பட்டனை அழுத்தியதும் ஆள் நகர்கிறானா, யோசித்துவிட்டு நகர்கிறானா? ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் பஸ்ஸில் விளையாடும்போது, நிறுத்தம் வந்ததும் நிறுத்திவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர முடிகிறதா? மூன்றிலும் தேறினால் 'வாங்கலாம்'.

நான்காவது சோதனை வந்தது ஒரு அடிக்குப் பிறகு.

ஒரு போர்ட் மூன்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கியது. நம்பி வாங்கினார்கள். நண்பர்களில் ஒருவர் விசைத்தறி ஓட்டுபவர், தடிமனான கண்ணாடி போட்டவர். அவர் முறை வந்த வாரம், இரண்டாம் நாளே கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "நீ விளையாடுப்பா. எனக்கு ஒண்ணும் படிக்க முடியல" என்றார். டிவிக்காக அச்சடித்த எழுத்துகளை அப்படியே 6.2 அங்குலத் திரையில் சுருக்கியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, எழுத்தா எறும்பா?" என்றார்.

அன்று ராத்திரி அவன் அந்த நண்பருடைய ஆயிரம் ரூபாயைத் தன் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தான். நோட்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'எழுத்து தெரிகிறதா?'

இது வன்னியம்பட்டிக் கவலை மட்டும் இல்லை. 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவியை 2022-ல் கொண்டுவந்த வால்வ் நிறுவனம், எந்த கேம் தன் கருவிக்கு ஒத்துவரும் என்று சோதித்து முத்திரை கொடுக்கிறது. பட்டன்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதோடு, திரையிலுள்ள எழுத்தைச் சிரமமின்றிப் படிக்க முடிகிறதா என்பதும் அந்தச் சோதனையில் உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், கனடாவில் இருக்கும் அக்கா அவன் பிறந்தநாளுக்கு ஒரு கேம் வாங்கிக் கொடுத்தாள். பெயர் 'வெண்பா'. கூடவே ஒரு வரி: 'தனியா விளையாடாத. அம்மாவோட உக்காந்து விளையாடு.'

டொரொன்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலை 31-ம் தேதி வெளியிட்ட கேம் அது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரின் கதை. வெண்பா தன் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டைக் கொண்டுபோயிருக்கிறாள். அது அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். அதுதான் விளையாட்டு.

அவன் முதலில் நேரத்தைத்தான் பார்த்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். நூறு மணி நேரம் ஓடும் கேம்கள் இருக்கும்போது இதற்கு 15 டாலர் அதிகம் என்று தோன்றியது. நோட்டில் 'சின்னது. காசுக்குக் காணாது' என்று விளையாடும் முன்பே எழுதிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா சொன்னதற்காக அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தான். ஆங்கில வசனங்களை அவன் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டார். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடம் வந்தது. அவன் இரண்டு முறை தடுமாறினான்.

"குழிக்கு நேரா குழி வைக்கிறியே, மேல் தட்டு அமுக்கி கீழ இருக்கிற இட்லி சப்பிப்போகும்ல? மாத்தி அடுக்கு. இங்க கொண்டா."

வாழ்க்கையில் முதன்முறையாக அம்மா அந்தக் கருவியைக் கையில் வாங்கினார். திரையைத் தொட்டு தட்டைத் திருப்பினார். இட்லி வெந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

கதை நகர நகர சிரிப்பு குறைந்தது. கவின் வளர்கிறான். அம்மாவின் பேச்சும் சாப்பாடும் அவனுக்குக் கூச்சமாகிறது. அவன் மெல்ல விலகிப்போவதை அம்மா வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி கேமைப் பற்றியது இல்லை.

"பாப்பா ஏன்டா இதை அனுப்பினா?"

அவனிடம் பதில் இல்லை. அக்காவையே கேட்கச் சொல்லி போன் போட்டுக் கொடுத்தான். அங்கே காலை நேரம். முதலில் சமாளித்த அக்கா, பிறகு சொல்லிவிட்டாள். ஐந்து வயது மகன் கொஞ்ச நாளாகத் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். டிபன் பாக்ஸில் இட்லி வைத்தால் வேண்டாம் என்கிறான். "போன்ல சொன்னா நீ வருத்தப்படுவம்மா. அதான்..."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனைக் கூப்பிடு" என்றார். திட்டவும் இல்லை, தமிழில் பேசு என்று சொல்லவும் இல்லை. "தங்கம், பாட்டி இன்னிக்கு வீடியோ கேம் விளையாடுனேன்டா" என்றார். மறுமுனையில் ஒரு விநாடி அமைதி. அப்புறம், "பாட்டி, நிஜமாவா?" என்று கத்தினான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டிக்கும் பேரனுக்கும் போனில் கேம் பேச்சுதான். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இட்லியை இன்னும் அவன் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. தோசை பரவாயில்லையாம்.

'வெண்பா' 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேமுக்கான விருதை வாங்கியதை நண்பர்கள்தான் வந்து சொன்னார்கள். அவன் நோட்டை எடுத்தான். 'காசுக்குக் காணாது' என்பதை அடித்துவிட்டு, ஐந்தாவதாக ஒரு சோதனையை எழுதினான்: 'யாரோடு விளையாடலாம்?'

அடுத்த சனிக்கிழமை, கண்ணாடி போட்ட நண்பர் கேட்டார்.

"அந்த இட்லி கேம் எப்படி? வாங்கலாமா?"

கேம் வாத்தியார் நோட்டைத் திறக்கவே இல்லை.

"அம்மா வீட்லதான இருக்காங்க? வாங்கு."