சிறார் இல்லத்தில் இடம்

இலக்கணம் பயிலும் எம்போன்றோர்க்கு ‘இடம்’ என்னுஞ் சொல் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றனையே முதற்கண் நினைப்பூட்டும். சட்டசபையாரோ அதனைப் பிறிதொரு பொருளில் வழங்குவர். குற்றஞ்செய்த சிறாரைக் காவலில் வைக்கும் இல்லத்தில் எத்தனை இடம் உண்டு, ஓரிடத்திற்கு எத்துணைப் பொருள் வேண்டும் என்பனவே அவர்தம் ஆராய்ச்சி. அவ்வாராய்ச்சி இளைஞர் வாழ்வை எவ்வாறு திருப்பவல்லது என்பதற்கு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாண வரலாறு தக்க சான்றாம்.

அம்மாகாணத்தார் 1941-ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, ஒறுத்தலினும் திருத்தலே நோக்கமெனக் கொண்டு, இளைஞர்க்கெனத் தனி அதிகார சபையொன்றை நிறுவினர். நோக்கம் நன்றே. ஆயின் ஒரு ஜில்லா தன் சிறுவனைத் தன்னூரிலேயே வைத்துத் திருத்த முற்படின், பெருஞ்செலவு அதனையே சாரும். மாகாண இல்லத்திற்கு அனுப்பிவிடின், திங்களொன்றுக்கு 25 டாலர் செலுத்தினாற் போதும். எவ்வழி எளிது என்று கூறவும் வேண்டுமோ? 1996-இல் அவ்வில்லங்களில் ஏறக்குறைய 10,000 இளைஞர் அடைபட்டிருந்தனர்.

நிற்க. அவ்வாண்டில் இயற்றப்பெற்ற சட்டமொன்று அக்கட்டணத்தை மாற்றியது. கொடுங்குற்றத்தார்க்குத் திங்களுக்கு 150 டாலர். ஏனையோர்க்கோ, குற்றம் சிறிதாகுந்தோறும் செலவிற் பாதி, முக்கால், முழுமை எனக் கட்டணம் உயர்ந்தது. சிறுகுற்றத்தார் வரவு விரைந்து குறைந்தது. சிறுவர் திடீரென நல்லவராயினர் அல்லர், விலையே மாறிற்று. ஒரு சிறுவன் தாயைப் பிரிந்து நெடுந்தொலைவு செல்வது, அவன் செய்த பிழையால் மட்டுமன்றிக் கணக்கேட்டின் ஒரு வரியாலும் முடிவாயிற்றன்றோ! இதனை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் நடுங்குகின்றது; அங்கிருந்தோருட் பலர் என்போற் பத்தொன்பது, இருபது ஆண்டினரே.

அவ்வில்லங்களில் நாளொன்றுக்கு 23 மணி நேரம் அறையில் அடைக்கப்பட்டோரும் இருந்தனர். 2003-இல் வழக்கு எழுந்தது; மறு ஆண்டில் அரசினர் சீர்திருத்தத்திற்கு உடன்பட்டனர். 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கொடுங்குற்றத்தார் ஒழிந்த ஏனையோரை ஜில்லாவிலேயே வைக்க விதித்து, மானியமும் வழங்கியது. இறுதியில், 2020-ஆம் ஆண்டுச் சட்டம் ஓரிளைஞனுக்கு ஆண்டொன்றுக்கு 2,25,000 டாலர் எனக் கணக்கிட்டுப் பொருளீந்து, பொறுப்பு முழுவதையும் ஜில்லாக்களுக்கே மீட்டளித்தது. 2023 ஜூன் 30-ஆம் நாள் அவ்விலாகா மூடப்பெற்றது.

இஃதோடு துயர் ஒழிந்ததோ? இல்லை. அதற்கு முந்திய மே மாதத்திலேயே, லாஸ் ஏஞ்சலஸ் ஜில்லாவின் இரு காவலில்லங்கள் இளைஞர் வைகுதற்குத் தகுதியற்றவை என மாகாண மேற்பார்வைக் குழுவினர் தீர்மானித்தனர். இல்லம் அண்மையில் இருந்தும், அங்கு ஆதரிப்பார் போதாராயின் பயன் யாது?

வரவுசெலவுத் திட்டம் வறண்ட பொருள் என்று மாணவராகிய நாம் ஒதுக்கிவிடுகின்றோம். அஃதன்று, ஒரு நாட்டினர் தம் பிள்ளைகளை எங்ஙனம் மதிக்கின்றனர் என்பது ஆங்கே இலக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. சட்டம் அச்சிறுவனைப் படர்க்கையில் வைத்தே பேசும், அதனியல்பு அது. அவனை முன்னிலையில் நிறுத்தி, ‘நீ’ என்று அழைத்து உரையாட ஒருவரேனும் வேண்டும். அவ்வொருவர்க்கு ஊதியமும் ஓய்வும் அளிக்கும் வரி திட்டத்தில் உளதா என்று வினாவுதல், கற்றவர் கடனாகும்.