சந்தக்பூ ஏறிய பழைய வண்டி

டார்ஜிலிங்குக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலோர் டைகர் ஹில்லில் சூரியோதயம் கண்டு, சிறு ரயிலில் கூம் வரை சென்று, தேயிலைப் பொட்டலங்களுடன் ஊர் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து ஒன்றரை மணி நேர மோட்டார்ப் பயணத் தொலைவில், நேபாள எல்லையை ஒட்டி, மானேபஞ்சாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரிலிருந்து சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் சந்தக்பூவை அடையலாம். 3,636 மீட்டர் உயரமுள்ள இச்சிகரமே மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம். உலகின் ஐந்து பெரும் சிகரங்களுள் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கையும் அங்கு நின்றபடியே காணலாம்.

இப்பாதையின் மற்றொரு சிறப்பு, அதில் ஓடும் பழைய லாண்ட் ரோவர் வண்டிகள். 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட வண்டி இது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு கிடைப்பது அரிதாக இருந்தபடியால் இதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். மானேபஞ்சாங்கில் உள்ளவை பெரும்பாலும் 1950-களில் செய்யப்பட்டவை. தேயிலைத் தோட்டத் துரைமார்களிடமிருந்து கைமாறி வந்தவை என்பர். சிலவற்றுக்குப் பின்னாளில் டீசல் இயந்திரம் பொருத்தியிருக்கின்றனர். எங்களுக்கு வாய்த்ததோ பழைய பெட்ரோல் இயந்திரம் கொண்டது. நான்கு சிலிண்டர், 1,997 கன சென்டிமீட்டர், புத்தகக் கணக்குப்படி 52 குதிரைசக்தி.

நம் சங்கத்து இரு குடும்பத்தார் நவம்பர் மாதத்தில் ஒரு காலைப் பொழுது அவ்வண்டியில் புறப்பட்டோம். ஓட்டுநர் நாற்பது வயது மதிக்கத்தக்க நேபாளி. தந்தைக்குப் பின் அதே வண்டியை ஓட்டி வருபவர். எங்களை ‘தாஜு’ என்று அழைத்தார். அண்ணன் என்று பொருள். எங்களுடன் வந்த மூதாட்டியை ‘ஆமா’ என்று அழைத்தார். நேபாளியில் அது தாயைக் குறிக்கும் சொல். அம்மையாரோ, தாம் சொல்வதற்கெல்லாம் அவர் தமிழில் ஆமோதிப்பதாக எண்ணி, நெடுநேரம் மகிழ்ந்துகொண்டு வந்தார்.

சித்ரே, மேக்மா, தும்லிங் ஆகிய ஊர்களைக் கடந்தோம். சுமார் 2,970 மீட்டர் உயரத்திலுள்ள தும்லிங்கிலிருந்து பாதை இறங்கி, 2,600 மீட்டர் அளவிலுள்ள கைரிபாஸை அடைகிறது. இறங்கியதை எல்லாம் மீண்டும் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில்தான் வண்டி தளர்ந்தது. முதல் கியரில், அதுவும் தாழ்ந்த விகிதத்தில், மிதியை முழுதும் அழுத்தியும் ஊர்ந்து ஊர்ந்து நின்றது. பத்து நிமிடம் ஓய்ந்த பின் நன்றாகவே ஏறியது. இரண்டு பர்லாங்கு சென்றதும் மறுபடி தளர்ந்தது.

ஓட்டுநர் முகம் சற்று வாடியது. இயந்திரத்தைப் பிரிக்க நேர்ந்தால், பயணிகள் வரும் பருவத்தில் வண்டி கொட்டகையில் கிடக்கும், வருமானமும் நின்றுவிடும். எங்களுக்கோ, வயது முதிர்ந்தவரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு மேலே செல்வதா, திரும்புவதா என்ற கேள்வி. அவர் பதற்றமின்றி, சக்கரங்களுக்குக் கல் அணை வைத்துவிட்டு, ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல ஒவ்வொன்றாகச் சோதிக்கலானார். செய்வது இன்னதென எங்களுக்கு இந்தியில் விளக்கவும் செய்தார்.

முதலில் இயந்திரத்தை அவர் தொடவேயில்லை. நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களுக்கு அருகில் கையை வைத்து வெப்பம் பார்த்தார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது குற்றம் இயந்திரத்தினுடையது அன்று. நான்கும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன. அடுத்தது கிளட்ச். அது நழுவினால் இயந்திரத்தின் ஓசை உயரும், வண்டி மட்டும் நகராது. இங்கு ஓசையும் சேர்ந்தே தாழ்ந்தது. ஆகவே கிளட்சும் நலம்.

பிறகு எங்களுள் ஒருவரை மிதியை அழுத்தச் சொல்லி, கார்புரேட்டரின் கதவு முழுதும் திறக்கிறதா என்று நோக்கினார். பழைய வண்டிகளில் இடைக்கம்பிகள் தேய்ந்து, மிதி தரையைத் தொட்டாலும் கதவு பாதியே திறப்பதுண்டாம். அதிலும் குறையில்லை. காற்று வடிகட்டியில் அடைப்பில்லை. புகைக்குழாயில் கரும்புகையும் இல்லை. எனவே சோக் சிக்கிக்கொள்ளவில்லை.

இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, ரப்பர்ப் பிடி போட்ட குறட்டினால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். வேலை செய்யும் சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் இயந்திரம் தடுமாறும். கழற்றியும் தடுமாறாவிடில் அந்தச் சிலிண்டர் முன்னமே செத்தது. நான்கு முறையும் ஒரே மாதிரி தடுமாறியது. அடுத்து இயந்திரத்தை நிறுத்தி, கியரை விலக்கி, முன்புறத்தில் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுற்றினார். இரண்டு முழுச் சுற்றில் நான்கு முறை கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் மெத்தென்று போனால் அங்கே வால்வோ பிஸ்டன் வளையமோ கசிகிறது. அடுத்தடுத்த இரண்டு மெத்தென்று போனால் சிலிண்டர் மூடியின் அடியிலுள்ள காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நான்கும் சமமாகவே எதிர்த்தன. “இயந்திரத்தைப் பிரிக்க வேண்டாம், தாஜு” என்று அவர் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது.

எஞ்சியது பெட்ரோல். ஓய்ந்தால் பலம் வருவதும் ஓடினால் போவதும், எரிபொருள் போதிய அளவு வந்து சேரவில்லை என்பதற்கு அடையாளம். இறக்கத்தில் செலவு குறைவாதலால் இந்நோய் தெரியாது, ஏற்றத்தில்தான் வெளிப்படும். வெப்பத்தால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தாலும் இதே குணம் காணும். ஆனால் குழாய் தொட்டால் சில்லென்று இருந்தது. ஓட்டுநர் தம் ஆசன மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்த பெட்ரோல் தொட்டியின் மூடியைத் தளர்த்தினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது! மூடியிலுள்ள சிறு துளையைச் சேறு அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று புகாமையால், தொட்டி பெட்ரோலை விட மறுத்திருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து மூடினார்.

வண்டி தளராமல் ஏறியது. ஆயினும் எங்களுள் ஒருவர், “சமவெளி வண்டியின் வேகம் இல்லையே, இன்னும் ஏதோ குறை இருக்கிறது” என்றார். “மீதி மலையுடையது, தாஜு” என்றார் ஓட்டுநர்.

அவர் கூற்று கணக்குக்கும் பொருந்துவதே. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் இவ்வகை இயந்திரம் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு பலம் இழக்கிறது. சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 64 சதவீதமே. ஆகவே 52 குதிரைசக்தியில் மூன்றில் ஒரு பங்கை மலை வாங்கிக்கொள்கிறது. சிலிண்டரின் அழுத்தத்தை மானி வைத்து அளந்தாலும் அங்கே எண் குறைவாகவே காட்டும். இதை அறியாதவர் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, நலமாயிருக்கும் இயந்திரத்தை நோயாளியாக்கிப் பிரித்துப் போட்டுவிடுவார். அறிந்தவர் ஒரு சிலிண்டரை மற்ற மூன்றோடு ஒப்பிடுவார். நான்கும் சமமாகக் குறைந்தால் முதலில் உயரத்தைக் கணக்கில் கழிப்பார். கழித்த பின்னும் எஞ்சும் குறைக்கே மருந்து தேடுவார்.

மனிதர்க்கும் இதே கணக்குத்தான். காளிபொக்ரியைத் தாண்டியதும் அம்மையாருக்கு மூச்சு வாங்கியது. ஓட்டுநர் அவரைப் பேசாமல், மெல்ல அடி எடுத்து வைக்கச் சொன்னார். சற்று நேரத்தில் சீரானார். மூச்சு வாங்குவது மட்டுமே மலையின் பங்கு. தலைவலியும் வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அது நோய்; மேலே ஏறாமல் உடனே கீழே இறங்குவதே அதற்கு முதல் மருந்து.

மாலைக்குள் சந்தக்பூ சேர்ந்தோம். மறுநாள் விடியலில் கஞ்சன்ஜங்காத் தொடர், படுத்துறங்கும் புத்தர் என்று மக்கள் சொல்லும் வடிவில், முதலில் செம்பும் பின்னர் பொன்னுமாக ஒளிர்ந்தது. வடமேற்கே எவரெஸ்ட், தன்னைவிட உயரமாகத் தோன்றிய மகாலுவின் பின்னால், அடக்கமாக நின்றது.

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். வானம் தெளிந்திருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களே தக்கவை. ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை சிங்கலீலா தேசியப் பூங்கா மூடியிருக்கும். இரவில் நீர் உறையும் குளிராதலால் கம்பளி உடைகள் நிறைய வேண்டும். முதியோர் இருப்பின் தும்லிங்கில் ஓர் இரவு தங்கி ஏறுவது நலம். வண்டியில் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் அது மெல்லச் சென்றால் ஓட்டுநரை விரட்ட வேண்டாம். மலையின் பங்கு எவ்வளவு என்பதை அவர் அறிவார்.